நினைவு மாளிகை: மனக்கண்ணில் படம் வரைந்து நினைவில் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பு இல்லாமல் மேடையில் பேச விரும்புபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். படிப்பதோடு நிறுத்தாமல், நான்காவது கேள்வியில் உள்ள பயிற்சியை மட்டுமாவது செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

1. நினைவு மாளிகை என்றால் என்ன?

நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை, பெரும்பாலும் சொந்த வீட்டை, மனத்துக்குள் வரிசையாக நடந்து பார்க்கிறோம். நினைவில் வைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு படமாக மாற்றி, அந்த வழியில் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போகிறோம். பிறகு தேவைப்படும்போது அதே வழியில் மறுபடி நடந்தால், வைத்த இடத்தில் வைத்த படம் இருக்கும். முறை அவ்வளவுதான்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், படமும் இடமும் நாம் முயற்சி செய்யாமலே மனத்தில் பதிகிறவை. லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஐந்து நாட்களில் 10,000 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து எது பார்த்தது என்று கேட்டார். நூற்றுக்கு 83 தடவை சரியாகச் சொன்னார்கள். அதே மனிதர்களிடம் பத்துப் பெயர்களைச் சொல்லி அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் திணறிப்போவார்கள். பெயரும் பட்டியலும் எண்ணும் தாமாக ஒட்டுவதில்லை. அவற்றை ஒட்டுகிற பொருளோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

2. இதை யார் தொடங்கியது?

கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸ் என்று சொல்வது மரபு. தெசாலியில் ஒரு விருந்தில் இருந்தவரை யாரோ வெளியே அழைத்தார்களாம். அவர் வெளியே வந்ததும் மண்டபம் இடிந்து விழ, உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாதபடி நசுங்கிப்போனார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்தே அவர் ஒவ்வோர் உடலையும் அடையாளம் காட்டினார் என்பது கதை. கி.மு. 55-இல் சிசரோ இதை எழுதி வைத்தார். அதற்கும் முன்பு, கி.மு. 80-களில், பெயர் தெரியாத ரோமானிய ஆசிரியர் ஒருவர் எழுதிய பேச்சுக்கலைப் பாடநூலில் முறை முழுவதும் விளக்கமாகவே இருக்கிறது. படம் வியப்பூட்டுவதாக இருக்க வேண்டும், இடங்கள் நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கையை அடையாளமாக வை என்று இன்று எந்தப் பயிற்சியாளரும் சொல்கிற யோசனைகள் அதிலேயே உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சீனாவில் நடந்தது. இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி 1596-இல் நான்சாங் நகரில் இருந்தபோது, இந்த முறையைச் சீன மொழியிலேயே ஒரு சிறு நூலாக எழுதி அந்த மாகாண ஆளுநரிடம் கொடுத்தார். ஆளுநரின் மகன்கள் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மூத்த மகன் அதைப் படித்துவிட்டு, இந்த விதிகளைப் பயன்படுத்தவே மிக நல்ல நினைவாற்றல் வேண்டியிருக்கிறதே என்று சொன்னாராம்.

3. அவர் சொன்னது சரிதானே? இதற்குப் பிறவியிலேயே திறமை வேண்டாமா?

வேண்டாம். இதைத் துணிந்து சொல்வதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

லண்டனில் எலனார் மகுவயரும் அவருடைய குழுவினரும் நினைவாற்றல் போட்டிகளில் முன்னணியில் இருந்த 10 பேரைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அறிவுக்கூர்மை மிக்கவர்களாக இல்லை. மூளை அமைப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு அவர்கள் கையாண்ட உத்தியில்தான் இருந்தது: 10 பேரில் 9 பேர் இந்த இட முறையைப் பயன்படுத்தினார்கள்.

சரி, சாதாரண ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தால்? மார்ட்டின் டிரெஸ்லர் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. இதற்குமுன் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு 72 சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் சராசரியாக 26 சொற்களை நினைவுபடுத்தினார்கள். தினமும் அரை மணி நேரம் என்று ஆறு வாரம் இட முறையில் பயிற்சி பெற்ற பிறகு 62. பயிற்சியை விட்டு நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் பெரும்பகுதி முன்னேற்றம் அப்படியே இருந்தது.

ஆளுநரின் மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொடக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். முதல் சில நாட்கள் படம் உருவாக்குவதே பெரிய வேலையாக இருக்கும். எழுதிப் படித்துவிடலாமே என்று மனம் சொல்லும். அந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

4. முதல் மாளிகையை எப்படிக் கட்டுவது?

மளிகைப் பட்டியலை வைத்துத் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மளிகைக்குத் துண்டுச்சீட்டு போதும். மறக்கக் கூடாத ஒன்றை வைத்தே தொடங்குங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் கொடுப்பது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 12 அட்டவணைகள்.

முதலில் படம் எதுவும் இல்லாமல் வீட்டை மட்டும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். வாசல் கேட், செருப்பு விடும் இடம், வாசற்கதவு, சோஃபா, டிவி, ஜன்னல், சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், அடுப்பு, துணி துவைக்கும் கல், கிணற்றடி, மொட்டைமாடி. இதில் கிணறு இல்லாத வீட்டில் பாத்ரூம் குழாய் இருக்கும். உங்கள் வீட்டின் வரிசை எதுவோ அதுதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் தடுமாறாமல் போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இப்போது நடக்கலாம். கேட்டைத் தொட்டதும் அது இந்திய வரைபடமாகத் துண்டு துண்டாகக் கழன்று காலில் விழுகிறது: முதல் அட்டவணை, மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும். செருப்புக்குள் கால் விட்டால் கட்டுக்கட்டாகப் பணம், பக்கத்தில் குடியரசுத் தலைவர் உட்கார்ந்து எண்ணுகிறார்: இரண்டாவது, ஊதியங்கள். வாசற்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓர் அமைச்சர் உரத்த குரலில் உறுதிமொழி எடுக்கிறார், உள்ளே விடமாட்டேன் என்கிறார்: மூன்றாவது. சோஃபாவில் மாநிலங்களவை உறுப்பினர்கள் இடத்துக்காக ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்: நான்காவது, மாநிலங்களவை இடப் பங்கீடு. டிவி திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு காடே ஹாலுக்குள் வளர்கிறது: ஐந்தாவது, பட்டியல் பகுதிகளும் பழங்குடிகளும். ஜன்னலுக்கு வெளியே நான்கு மலைப்பெண்கள் தேயிலை பறித்து உள்ளே வீசுகிறார்கள்: ஆறாவது, அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகள்.

சாப்பாட்டு மேசையில் மூன்று இலை போட்டிருக்கிறது, மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். நடு இலையில் இருப்பவரும் ஓர இலையில் இருப்பவரும் மூன்றாவது இலைக்குச் சண்டை போடுகிறார்கள்: ஏழாவது, இந்த மூன்று பட்டியல்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் காய்கறிகள் ஆளுக்கொரு மொழியில் கத்துகின்றன: எட்டாவது, 22 மொழிகள். அடுப்பில் ஒரு பானை நிறைய வயல் மண் கொதிக்கிறது; நீதிபதி ஒருவர் பக்கத்தில் நிற்கிறார், ஆனால் தொட முடியாமல் கை கட்டப்பட்டிருக்கிறது: ஒன்பதாவது, நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு. துவைக்கும் கல்லில் ஓர் எம்.எல்.ஏ. தன் கட்சித் துண்டை அடித்துத் துவைக்கிறார், ஒவ்வோர் அடிக்கும் நிறம் மாறுகிறது: பத்தாவது, கட்சித் தாவல் தடை, 1985-இல் வந்தது. கிணற்றடியில் ஊராட்சித் தலைவர்: பதினோராவது, ஊராட்சிகள். மொட்டைமாடியில் நகராட்சித் தண்ணீர் லாரி: பன்னிரண்டாவது, நகராட்சிகள். லாரி எப்படி மேலே ஏறியது என்று யோசிக்கும்போதே அது பதிந்துவிடும்.

ஒன்பதாவது எது என்று நேரடியாகக் கேட்டால் கேட்டிலிருந்து நடக்க வேண்டியதில்லை. ஐந்தாவது இடமான டிவியில் அந்தப் பழைய ரோமானிய யோசனைப்படி ஒரு தங்கக் கையையும், பத்தாவது இடத்தில் வேறோர் அடையாளத்தையும் வைத்துக்கொண்டால், துவைக்கும் கல்லிலிருந்து ஒரு படி பின்னால் போனாலே அடுப்பு வந்துவிடும்.

5. படம் போட்டேன், ஆனாலும் ஒன்றிரண்டு காணாமல் போகிறது. ஏன்?

பெரும்பாலும் நினைவு மறந்திருக்காது, பார்வைக்குத் தப்பியிருக்கும். ரஷ்யாவின் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி எதையும் மறக்காத மனிதர் என்று பெயர் பெற்றவர். அலெக்சாந்தர் லூரியா என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். மாஸ்கோவின் தெருக்களில் மனத்துக்குள் நடந்தபடி பொருள்களை வைப்பது அவர் வழக்கம். ஒருமுறை முட்டை என்ற சொல் விட்டுப்போனது. காரணம் கேட்டபோது, வெள்ளைச் சுவரை ஒட்டி வெள்ளை முட்டையை வைத்துவிட்டேன், கண்ணில் படவில்லை என்றார்.

அதனால் படத்துக்கும் பின்னணிக்கும் நிறத்திலும் அளவிலும் வேறுபாடு வேண்டும். படம் சும்மா நிற்கக் கூடாது, அந்த இடத்தை ஏதாவது செய்ய வேண்டும்: உடைக்கட்டும், நனைக்கட்டும், ஏறி உட்காரட்டும். சத்தம், வாசனை, வலி சேர்ந்தால் இன்னும் நல்லது. உங்களுக்குத் தெரிந்த முகங்களைப் பயன்படுத்துங்கள். கூச்சம் தரும் படம், அருவருப்பான படம் மனத்தில் வந்தால் தள்ளிவிட வேண்டாம். அது உங்கள் தலைக்குள்தானே இருக்கிறது.

6. கண்ணை மூடினால் எனக்குப் படமே தெரிவதில்லை. நான் செய்ய முடியுமா?

சினிமா போலத் தெளிவாக யாருக்கும் தெரிய வேண்டும் என்பதில்லை. பலருக்கு மங்கலான ஓர் உணர்வுதான் இருக்கும், அது போதும். சிலருக்கு மனக்கண் படம் அறவே கிடையாது. 2015-இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். இது நோயல்ல. இப்படிப்பட்டவர்களும் மின்சாரம் போன இரவில் வீட்டுக்குள் இடிக்காமல் நடக்கிறார்கள் அல்லவா, அந்த இட அறிவு அவர்களிடம் இருக்கிறது. படத்துக்குப் பதில் ஒவ்வோர் இடத்திலும் என்ன நடக்கிறது என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போகலாம்.

7. ஆண்டுகளையும் எண்களையும் எப்படிப் படமாக்குவது?

எண்ணை எழுத்தாக்கி, எழுத்தைச் சொல்லாக்கி, சொல்லைப் படமாக்க வேண்டும். 1991-இல் லண்டனில் தொடங்கிய உலக நினைவாற்றல் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களை வரிசையாகச் சொல்வதும் எண்ணைப் படமாக்கும் வழிகளால்தான்.

நம் நாட்டில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களுக்கு, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறைப்படி பெயர் வைத்திருக்கிறார்கள். மாயாமாளவகௌளை என்றால் மா 5, யா 1. திருப்பிப் போட்டால் 15-ஆவது மேளம். ஆனால் அந்த அட்டவணை நான்கு வகைக் ககரங்களையும் பிரித்துக் காண்பது, தமிழ் எழுத்துக்கு நேராகப் பொருந்தாது. அதனால் மாணவர்களுக்காக நான் வைத்திருக்கும் அட்டவணையைத் தருகிறேன்.

தமிழ் எண்களின் வடிவத்திலிருந்து மூன்று: ௧ என்பதால் 1 க, ௪ என்பதால் 4 ச, ௫ என்பது ரு போல இருப்பதால் 5 ர (ற-வும் அதுவே). எண்ணின் பெயரிலிருந்து ஐந்து: இரண்டு என்பதில் ண இருப்பதால் 2-க்கு ண, ன, ந, மூன்றுக்கு ம, ஏழுக்கு ழ, ல, ள, எட்டுக்கு ட, ஒன்பதுக்கு ப. கடபயாதியில் உள்ளபடி 6-க்கு த. பத்தைக் குறிக்கும் ௰ என்பது ய போல இருப்பதால் 0-க்கு ய, கூடவே வ. உயிரொலிகளுக்கு மதிப்பில்லை, இரட்டித்த மெய்யை ஒன்றாக எண்ண வேண்டும்.

இப்போது 12 கண், 16 காது, 38 மாடு, 47 சேலை, 97 பல். ரகசிய எண் 2532 என்றால் நரி மீன் தின்கிறது. வேலூர்ப் புரட்சி நடந்த 1806-ஐப் பாருங்கள்: 18 காடு, 06 வாத்து. புதிய தலைப்பாகை ஆணைதானே சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. வேலூர்க் கோட்டைக்குள் காடு மண்டிக் கிடக்கிறது, அதில் வாத்துகள் தலைப்பாகையைத் தூக்கி எறிகின்றன. காரணமும் ஆண்டும் ஒரே படத்தில் வந்துவிட்டன. கிணற்றடியில் விட்டுவந்த ஊராட்சித் தலைவர் கையில் ஓர் இனிப்புப் பெட்டியைக் கொடுங்கள்: இனிப்பு 29, பதினோராவது அட்டவணையின் 29 பொருள்கள். மொட்டைமாடியில் லாரி ஊற்றும் தண்ணீரில் காடு வளரட்டும்: நகராட்சிகளுக்கு 18.

00 முதல் 99 வரை நூறு சொற்களையும் நீங்களே தேடி எழுதுங்கள். பிறர் தந்த பட்டியலைவிட அது வலுவாக நிற்கும்.

8. திருக்குறளை இப்படி மனப்பாடம் செய்யலாமா?

சொல்லுக்குச் சொல் பிசகாமல் வேண்டியதற்குப் படம் ஏற்றதல்ல. படம் பொருளைக் காட்டும், சொல்லைக் காட்டாது. செய்யுளில் எதுகையும் மோனையும் சீரும் அந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுவதே வழி. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது, நூறு பாட்டும் கோர்வையாக வருகின்றன. ஏற்கெனவே வெண்பா இருக்கும் பட்டியலுக்கு, எட்டுத்தொகை நூல்களுக்கு இருப்பது போல, மாளிகை கட்ட வேண்டாம்.

ஆனால் குறளில் வரிசை ஒரு தொல்லை. ஓர் அதிகாரத்தில் பத்துக் குறளும் தெரியும், எது ஏழாவது என்று தெரியாது. அங்கே மாளிகை உதவும். ஓர் அறையில் பத்து இடம் எடுத்து, ஒவ்வொரு குறளின் முதற்சொல்லை மட்டும் படமாக்கி வையுங்கள். மீதியை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

9. நம் அவதானிகள் இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்களா?

அவதானம், அதாவது ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்துச் செய்து காட்டுவது, வேறு கலை. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிச் சதாவதானி என்று பெயர் பெற்றார். அவதானத்தில் முதுகில் விழும் பொருள்களை எண்ண வேண்டும், மணியோசையைக் கணக்கு வைக்க வேண்டும், அதற்கிடையே கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாட வேண்டும். நினைவோடு கவனத்தைப் பல கிளையாகப் பிரிக்கும் ஆற்றலும் யாப்பில் ஊறிய புலமையும் அதற்கு வேண்டும். நினைவு மாளிகையால் அவதானியாகிவிட முடியாது. அந்தக் கலை இன்று தமிழில் அருகிப்போனது பெரிய இழப்பு.

10. ஆட்களின் பெயர் மறந்துபோகிறது, என்ன செய்வது?

பெயரைக் காதில் வாங்குவதே பாதி வேலை. நாம் பெரும்பாலும் வாங்குவதே இல்லை. கேட்டதும் ஒருமுறை அவரிடமே திரும்பச் சொல்லுங்கள். பிறகு பெயரின் பொருளை முகத்தில் தெரியும் ஏதாவது ஒன்றில் கட்டுங்கள். செந்தாமரை என்றால் கன்னத்துக் குழியில் தாமரை பூக்கட்டும், வேலு என்றால் அடர்ந்த புருவத்தின் நடுவே வேல் நிற்கட்டும். தமிழ்ப் பெயர்களில் பல பொருளோடு இருப்பது நமக்கு வசதி.

11. எத்தனை நாள் நிற்கும்? ஒரே வீட்டை மறுபடி பயன்படுத்தலாமா?

ஒரே ஒருமுறை வைத்துவிட்டு விட்டால், சில நாளில் படங்கள் மங்கிவிடும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டியது போல மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது. எனவே அன்று இரவே ஒரு நடை, மறுநாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. பேருந்தில் நின்றுகொண்டே செய்யலாம், புத்தகம் வேண்டாம். நடக்கும்போது படம் வராத இடத்தில் உடனே குறிப்பைப் புரட்டாமல் கொஞ்ச நேரம் தேடுங்கள், அந்தத் தேடல்தான் பதிய வைக்கிறது.

நிரந்தரமாக வேண்டியதற்குத் தனி மாளிகை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பழைய படமும் புதிய படமும் கலந்து குழப்பும். மேடைப் பேச்சுக்கும் கூட்டத்துக்கும் மட்டும் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இடத்துக்குப் பஞ்சமே இல்லை: படித்த பள்ளி, பாட்டி வீடு, ஊர்க் கோயிலின் பிரகாரம், தினமும் போகும் பேருந்துத் தடத்தின் நிறுத்தங்கள்.

12. பாடம் முழுவதையும் இப்படியே படித்துவிடலாமா?

கூடாது. இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முறை பிடித்துப்போனவர்கள் விழும் குழி இதுதான். படம் என்பது செய்தியை எடுத்துக் கொடுக்கும் கொக்கி. புரியாத ஒன்றைக் கொக்கியில் மாட்டினால் புரியாத ஒன்றே திரும்பி வரும்.

அடுப்பருகே கை கட்டப்பட்ட நீதிபதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது அட்டவணை 1951-இல் முதல் சட்டத் திருத்தத்தால் சேர்ந்தது, நிலச் சீர்திருத்தத்தை நீதிமன்றம் முடக்காமல் இருக்க. கூடலூர் ஜன்மம் நிலங்கள் தொடர்பான தமிழ்நாட்டுச் சட்டத்திலிருந்து எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்கள் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கலாம். இதைப் புரிந்துகொண்டவர் படத்தைத் தானாகவே மாற்றுவார்: கட்டு தளர்ந்து நீதிபதி கையில் ஒரு கரண்டி வந்துவிட்டது. புரியாதவருக்கு அது வெறும் மண் பானை. முதலில் படியுங்கள், கேள்வி கேளுங்கள், பிறகு படமாக்குங்கள். வரிசை, பட்டியல், ஆண்டு, பெயர், கலைச்சொல் ஆகியவற்றுக்கு மட்டும் மாளிகை.

13. பயிற்சி செய்தால் மொத்த நினைவாற்றலும் கூடுமா?

அப்படி எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் சுமார் 230 மணி நேரப் பயிற்சியில், கேட்ட இலக்கங்களைத் திருப்பிச் சொல்வதை 7-இலிருந்து 79 வரை உயர்த்தினார். அவர் ஓட்டக்காரர், எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றி நினைவில் வைத்தார். 1980-இல் வெளியான அந்த ஆய்வில், எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் அவர் ஆறுக்கே இறங்கிவிட்டார். வளர்வது உத்திதான். சாவியை எங்கே வைத்தோம் என்பது தானாக நினைவுக்கு வராது, வைக்கும்போது கவனித்தால்தான் வரும்.

14. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? மூளையைத் தூண்டும் வகுப்புக்கு அனுப்பலாமா?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்யலாம். பெரியவர்களைவிட விசித்திரமான படங்களை அவர்களே சொல்வார்கள். நீங்கள் திருத்தாமல் இருந்தால் போதும். ஆனால் நடுமூளையைத் தூண்டிவிடுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் வகுப்புகளுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. மூக்கின் ஓரமாக இருக்கும் இடைவெளியை ஒழுங்காக அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளையால் படிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, ஏமாற்றுவதைப் பிள்ளைக்கே பழக்கிவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.

15. வயதான அம்மாவுக்கு மறதி அதிகமாகிறது. இது உதவுமா?

ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பல காலம் வாழ்ந்த வீடு அவர்களுக்கு நல்ல மாளிகையாக அமையும். ஆனால் பழகிய வழியிலேயே தடுமாறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கில் குழம்புவது போன்றவை தெரிந்தால் பயிற்சியில் நாளைக் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு போன்ற, சிகிச்சைக்குக் கட்டுப்படும் காரணங்களாகவும் அது இருக்கலாம்.